எல்லோருக்கும் இரண்டு எம்பி

நார்த்தாமலை விலக்கைத் தாண்டிச் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த ஜேசிபி, திருச்சியிலிருந்து வரும் எங்கள் கேபிளைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. நான் அலுவலகப் படியேறும்போதே மேலே எல்லாப் போன்களும் அடித்துக்கொண்டிருந்தன.

எங்களுடையது சின்ன இன்டர்நெட் நிறுவனம். முதலாளி ஒருகாலத்தில் கேபிள் டிவி நடத்தியவர். படம் பார்ப்பதை விட்டுவிட்டு ஜனங்கள் போனுக்குள் போனபோது அவரும் கூடவே போனார். புதுக்கோட்டை மாவட்டத்தில் சில ஆயிரம் வீடுகளுக்கு எங்கள் லைன் ஓடுகிறது. திருக்கோகர்ணத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அலுவலகம். சென்னையில் டேட்டா சென்டரில் இருந்துவிட்டு, கணவருக்கு இங்கே மாற்றலானதால் வந்து சேர்ந்தவள் நான். சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அந்த வேலை என்னவென்று என் மாமியாருக்கு ஒருமுறை இப்படித்தான் சொன்னேன். ஒரு வீட்டில் மோடத்தைப் போட்டதும் அது தன் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்லி, உள்ளே வரலாமா என்று கேட்கும். கேட்பது எங்கள் சர்வரிடம். சர்வர் பெயரைச் சரிபார்த்து, வரலாம் என்று ரவுட்டருக்குச் சொல்லும். அந்தப் பதிலிலேயே, இந்த வீட்டுக்கு இவ்வளவு வேகம் என்றும் சேர்த்துச் சொல்லிவிடும். ரவுட்டர் அதற்கு மேல் ஒரு துளி விடாது. இப்படிக் கேட்பதற்கும் பதில் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது, அதற்கு ரேடியஸ் என்று பெயர். யாருக்கு எவ்வளவு என்று அதில் எழுதிவைப்பவள் நான். மாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ரேஷன் கடைன்னு சொல்லு" என்றார்.

அன்றைக்கு உண்மையாகவே ரேஷன் கடையாகிவிட்டது. காரைக்குடி வழியாக ஒரு மாற்று லைன் வைத்திருந்தோம். பெரிய லைனோடு ஒப்பிட்டால் அது வாய்க்கால். அதற்கு மாற்றும்போது ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட வேண்டியிருந்தது. அணைத்ததும் எல்லா வீடுகளும் வெளியே போய்விட்டன. போட்டதும் எல்லா மோடம்களும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து பெயர் சொல்லத் தொடங்கின. சர்வர் திணறியது. முதலில் உள்ளே வந்தவர்கள் வழக்கம்போல நூறு எம்பி வேகத்தை வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் நிரம்பி, யாருக்குமே ஒன்றும் வரவில்லை.

நான் சர்வரில் ஒரு விதியை எழுதினேன். இனி யார் உள்ளே வந்தாலும் இரண்டு எம்பி. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கும் வேகத்தைக் குறைக்கச் சொல்லி ரவுட்டருக்கு உத்தரவு அனுப்பினேன். அரசு ஆஸ்பத்திரி, வங்கிகள், சில அலுவலகங்கள் எல்லாம் தனிப் பிரிவில் இருந்தன. அவற்றை மட்டும் தொடவில்லை. இரண்டு எம்பியில் படம் ஓடாது. ஆனால் கடையில் போன் வழியாகப் பணம் கட்டலாம், மெசேஜ் போகும்.

"எல்லாருக்கும் ரெண்டு எம்பி போட்டுட்டேன் சார்" என்றேன்.

முதலாளி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். "திட்டுவாய்ங்களே."

"மொத்தமா இல்லாம போறதுக்கு இது பரவாயில்ல சார்."

கேபிளை ஒட்டுவதற்கு லைன்மேன் நார்த்தாமலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். குழிக்குள் தண்ணீர் நிற்கிறது, நேரமாகும் என்று அங்கிருந்து போன் செய்தார்.

அப்போதுதான் முன்னறையில் போன் எடுக்கும் பெண் உள்ளே வந்து, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "ஸ்கேன் சென்டராம். ஒங்ககிட்டதான் பேசணுமாம்" என்றாள்.

கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து பேசிய பெண் அங்கே ஸ்கேன் எடுக்கும் டெக்னீசியன். மூச்சு வாங்கப் பேசினார்.

"மேடம், ஒரு பேஷண்ட்ட கூட்டியாந்திருக்காங்க. காலைல கடலுக்குப் போயிட்டு வந்தவரு, கரையில எறங்கும்போதே ஒரு பக்கம் இழுத்துருச்சு. தலைக்கு ஸ்கேன் எடுத்துட்டோம். படத்தை திருச்சி டாக்டருக்கு அனுப்பணும். அவரு பாத்துச் சொன்னாத்தான் இங்க ஆஸ்பத்திரில ஊசி போடுவாங்க. படம் போகவே மாட்டேங்குது மேடம்."

"போன்ல அனுப்பிப் பாத்தீங்களா?"

"டவர் சரியில்ல மேடம். பேசத்தான் முடியுது, நெட்டு இழுக்கல. ஸ்கிரீனை போட்டோ எடுத்து ஒங்க லைன்லயே ஒண்ணு ரெண்டு அனுப்புனேன். இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்கிறாரு டாக்டரு. ரத்தம் ஒறைஞ்சிருக்கா, கசிஞ்சிருக்கான்னு தெரியணும். ஒறைஞ்சிருந்தாத்தான் ஊசி. கசிஞ்சிருந்தா அந்த ஊசியே ஆளைக் கொன்னுருமாம். தெரியாம போடவும் முடியாது, நேரம் போச்சுன்னா போட்டும் பிரயோஜனமில்லங்கிறாங்க."

அவருக்குப் பின்னால், நோயாளியின் மகளாக இருக்க வேண்டும், ஒரு பெண் குரல் "வாப்பா, வாப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அழவில்லை. தூங்குகிறவரை எழுப்புவதுபோலக் கூப்பிட்டது.

அந்த ஸ்கேன் சென்டரை எங்கள் பட்டியலில் தேடினேன். அப்படி ஒரு பெயரே இல்லை. விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. கீழே வீடு, மேலே ஸ்கேன் சென்டர். இரண்டுக்கும் ஒரே உரிமையாளர். வீட்டுக்காக வாங்கிய கனெக்‌ஷனிலிருந்து மேலே ஒரு ஒயரை இழுத்துக்கொண்டிருந்தார். எங்கள் சர்வருக்கு அது இன்னொரு வீடு, அவ்வளவுதான். மற்ற வீடுகளைப் போல அதற்கும் இரண்டு எம்பி.

அந்த ஒரு பெயருக்கு நாற்பது எம்பி என்று மாற்றி, உடனே கொடு என்று ரவுட்டருக்கு உத்தரவு அனுப்பினேன். முடியாது என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினேன். மறுபடி மறுப்பு. அப்படி ஒரு ஆள் உள்ளே இல்லை என்றது ரவுட்டர். ஆனால் ரவுட்டரையே திறந்து பார்த்தால் அந்த மோடம் உள்ளேதான் இருக்கிறது. காரணம் புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஒரு மோடம் உள்ளே வந்ததும் ரவுட்டர் அதற்கு ஒரு எண் போட்டு சர்வருக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலை நெரிசலில் பாதி வீடுகளுக்கு அந்தத் தகவல் சர்வருக்கு வந்து சேரவே இல்லை. நான் பழைய எண்ணைச் சொல்லிக் கேட்கிறேன், ரவுட்டர் இல்லை என்கிறது.

ஒரே வழிதான் இருந்தது. அந்த மோடத்தை வெளியே தள்ள வேண்டும். திரும்ப வந்து பெயர் சொல்லும்போது சர்வர் நாற்பது கொடுக்கும்.

"இப்ப எவ்வளவு போயிருக்கு?" என்று கேட்டேன்.

"கால்வாசிகூட இல்ல மேடம்."

"நடுவுல அறுந்தா விட்ட எடத்துலேருந்து போகுமா?"

"மொதல்லேருந்துதான் போகும்."

வாசலில் ஆயிரக்கணக்கான மோடம்கள் முண்டிக்கொண்டிருந்தன. சில வீடுகள் வெகுநேரமாகப் பெயர் சொல்லியும் உள்ளே வர முடியாமல் நின்றன. இதை வெளியே தள்ளினால் அந்தக் கூட்டத்தில்தான் போய் நிற்கும். எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. தள்ளாமல் விட்டால் இரண்டு எம்பியில் ஊர்ந்துகொண்டாவது போகும். ஆனால் ஊசி போட வேண்டிய நேரத்துக்குள் போகாது.

முதலாளி உள்ளே வந்தார். காதில் இன்னொரு போன்.

"ம்மா, ஒரு வீட்டுக்கு மட்டும் அம்பது போட்டு விடு." அவர் சொன்னது ஊரில் செல்வாக்கான ஒருவரின் வீடு. அன்றைக்கு அங்கே நிச்சயதார்த்தம். வெளிநாட்டிலிருக்கும் மகன்கள் பார்ப்பதற்காக லைவ் போட்டிருந்தார்கள். டவுனுக்குள் எங்கள் கேபிள் பாதி அவர் கட்டடங்களின் மேலேதான் போகிறது. ஒரு வார்த்தை சொன்னால் அவ்வளவையும் சுருட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

"சார், இப்ப முடியாது."

"என்னம்மா முடியாது? எழுதுறது நீதான?"

ஸ்கேன் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "யாரு ஆளு?"

"தெரியல சார்."

"நம்ம கஸ்டமரா?"

"ஸ்கேன் சென்டர்தான் கஸ்டமர். அவரு யாருன்னு தெரியாது."

காதிலிருந்த போனை எடுத்துத் தன் சட்டையில் அழுத்திக்கொண்டார். என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். டவுன் பஸ் ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்வதையும் கவனிக்காமல் சாலையோரத்தில் நின்று, இன்னொரு கையை ஆட்டி ஆட்டிப் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

நான் வாசலை மூடுவது என்று முடிவெடுத்தேன்.

அந்தக் கடற்கரை ஊரின் லைனில் வரும் கோரிக்கையை மட்டும் உள்ளே விட்டு, மற்ற எல்லா ஊரிலிருந்தும் வருவதை ரவுட்டர் வாசலிலேயே நிறுத்த ஒரு விதி போட்டேன். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட வீடுகளுக்கு ஒன்றும் ஆகாது. இன்னும் வெளியே நிற்கும் வீடுகள் நான் திறக்கும்வரை வெளியேதான். திரையில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் சட்டென்று குறைந்தன. சர்வர் மூச்சு விட்டது.

"லைனை இப்ப கட் பண்ணப் போறேன். உடனே திரும்ப வரும், பயப்படாதீங்க" என்று போனில் சொன்னேன். உடனே வரும் என்பது எனக்கே உறுதியில்லை.

தள்ளினேன். அந்தப் பெயர் ரவுட்டரிலிருந்து மறைந்தது. காத்திருந்தேன். அதே ஊரின் வேறு வீடுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. அது மட்டும் வரவில்லை.

"மேடம், செவப்பு லைட்டு எரியுதுன்னு நெனைக்கிறேன். கம்ப்யூட்டர்ல நெட்டு இல்லங்குது."

"மோடத்த ஒருதடவ ஆஃப் பண்ணிப் போடுங்க."

"மோடம் கீழ வீட்டுக்குள்ள இருக்கு மேடம். ஜன்னல் வழியாத்தான் லைட்டு தெரியும். வீட்டுக்காரங்க எல்லாரும் விசேஷத்துக்குப் போயிட்டாங்க. வீடு பூட்டியிருக்கு."

ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நானே அறுத்துவிட்டேன். கால்வாசி போயிருந்த படமும் போய்விட்டது. பின்னால் அந்தப் பெண் இன்னமும் "வாப்பா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது குரல் மாறியிருந்தது.

"மெயின் ஸ்விட்ச்சு எங்க இருக்கு? கீழ வீட்டுக்கு" என்று கேட்டேன்.

"படிக்கட்டுக்குக் கீழ. வெளியிலதான்."

"மேலயும் கீழயும் ஒரே மீட்டரா?"

"இல்ல மேடம், தனித்தனி."

"அப்ப கீழ வீட்டு மெயினை ஆஃப் பண்ணிட்டு, கொஞ்சம் விட்டுப் போடுங்க. மேல உள்ளதத் தொட்டுராதீங்க."

செருப்பில்லாத கால்கள் படியில் தடதடவென்று இறங்குவது போனில் கேட்டது. அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடுகிறார். ஒரு கதவு கிறீச்சிட்டது. டக் என்று ஒரு சத்தம். பிறகு அமைதி. மறுபடி டக்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னறைப் பெண் எனக்குப் பின்னால் வந்து நின்றதை அவள் மூச்சு என் காதில் பட்டபோதுதான் உணர்ந்தேன். மோடம் உயிர்பெற்று எழ எப்போதுமே கொஞ்சம் நேரமாகும். ஆயிரம் தடவை பார்த்ததுதான். அன்று அது எழவே போவதில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஒரு வரி வந்தது. அந்தப் பெயர். பாஸ்வேர்டு சரி. அனுமதி. நாற்பது எம்பி.

"போகுது மேடம்!" அவர் மேலே ஏறிப் போயிருந்தார். "பாதி போயிருச்சு. மேடம், முக்கால்..." அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. இன்னொரு போனில் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். எல்லாப் படமும் வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதை என்னிடம் திருப்பிச் சொல்லிவிட்டு, லைனை வைக்காமலே ஓடிப்போனார்.

நான் வாசலைத் திறந்துவிட்டேன். திரையில் வரிகள் மறுபடி கொட்டத் தொடங்கின. முன்னறைப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே வந்த முதலாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "நம்ம சர்வரே எரிஞ்சு போச்சுன்னு நிச்சயதார்த்த வீட்டுக்காரருகிட்ட சொல்லிட்டேன்" என்றார். "நாளைக்கு வந்து பாத்தாருன்னா எரிஞ்ச மாதிரி ஏதாச்சும் காட்டணும்."

சாயங்காலம் கேபிளை ஒட்டி முடித்தார்கள். எல்லோருக்கும் அவரவர் வேகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், சாப்பிடாமலே படுத்துக்கொண்டேன். சில நாள் கழித்து ஸ்கேன் டெக்னீசியன் போன் செய்தார். ரத்தம் உறைந்துதான் இருந்ததாம். ஊசி போட்டு, பிறகு புதுக்கோட்டைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இப்போது பேசுகிறாராம். இடது கை மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.

இதுவரைதான் நடந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு அலுவலகத்துக்கு வந்தார். ஆவூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சர்ச்சுக்குப் பின்னால் அவர் வீடு. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர், குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டார். வீட்டிலிருந்தே ஆன்லைனில் பாடம் நடத்தும் வேலைக்கு விண்ணப்பித்து, நேர்காணல்வரை போயிருக்கிறார். அந்த நேர்காணல் கேபிள் அறுந்த அன்றைக்குத்தான்.

"நான் சண்டைக்கு வரலைங்க" என்று தொடங்கினார். "கேபிள் அறுந்துச்சுன்னு போன்ல சொன்னாங்க. ஆனா பக்கத்து வீட்ல ஓடுச்சு. மெதுவாத்தான் ஓடுச்சு, ஆனா ஓடுச்சு. எங்க வீட்ல மட்டும் லாகினே ஆகல. அது ஏன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான் வந்தேன்."

கேபிள் அறுந்தது என்று மட்டும் எல்லோருக்கும் சொல்லச் சொல்லியிருந்தார் முதலாளி. நான் அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டு அன்றைய பதிவைத் திறந்தேன். அவருடைய மோடம் திரும்பத் திரும்பப் பெயர் சொல்லியிருந்தது. முதலில் நெரிசலில் பதில் கிடைக்கவில்லை. பிறகு கொஞ்ச நேரம் வரியே இல்லை. அந்த இடைவெளி நான் வாசலை மூடியிருந்த நேரம். பக்கத்து வீட்டு மோடம் அதற்கு முன்னாலேயே உள்ளே வந்துவிட்டது. திறந்த பிறகு இவர் வீடும் வந்திருக்கிறது. அதற்குள் நேர்காணல் முடிந்துவிட்டது.

நான் நடந்ததைச் சொன்னேன். ஸ்கேன், திருச்சி டாக்டர், வாசலை மூடியது எல்லாம். குழந்தை என் மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. அவர் அதன் கையை விலக்கிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"அவரு இப்ப நல்லா இருக்காரா?"

"பேசுறாராம். ஒரு கை இன்னும் சரியா வரல."

தலையாட்டினார். குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "ஒங்க எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா காலைலயே ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்ல? இன்னைக்கு இப்படி இருக்குன்னு. புள்ளைய எங்க ஆத்தாகிட்ட விட்டுட்டு அங்கிட்டு விராலிமலைக்குப் போயிருப்பேன். எங்க அண்ணன் கடைல வேற கம்பெனி நெட்டு. வரும் வரும்னு அந்த லைட்டப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேங்க."

மெசேஜ் அனுப்புவது சர்வரில் ஒரு வரி வேலை. அன்று காலை அது எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. எல்லோரையும் ஒரே கணக்கில் குறைத்துவிட்டு, அதைச் சொல்லாமல் இருந்துவிட்டோம்.

அவர் விண்ணப்பித்த நிறுவனத்துக்கு, லைனில் கோளாறு எங்களால் நேர்ந்தது என்று மெயில் எழுதினேன். முதலாளியிடம் காட்டினேன். "எங்களாலன்னு போடணுமா?" என்று கேட்டார். போட வேண்டும் என்றேன். கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். அனுப்பினேன். நான் எதிர்பார்க்கவில்லை, அவர்கள் நேர்காணலுக்கு இன்னொரு நாள் கொடுத்தார்கள்.

அந்த நாளில் எந்தக் கேபிளும் அறுந்திருக்கவில்லை. இருந்தாலும் அவர் பெயரை ஆஸ்பத்திரிகளோடு தனிப் பிரிவில் சேர்த்துவைத்தேன். அவர் சொன்ன நேரத்துக்கு என் மேசையில் உட்கார்ந்து, ஆவூர் லைனில் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாலையில் ஜேசிபி சத்தம் கேட்டபோது எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். அது சாக்கடைக்குத் தோண்டும் வண்டி, எங்கள் கேபிள் அந்தப் பக்கமே போகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். வரி அறுபடாமல் கடைசிவரை இருந்தது.

வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்களாம். போனில் அவரே சொன்னார்.

"மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"இதுல நீங்க என்ன பண்ணுவீங்க? கேள்வியெல்லாம் நல்லாக் கேட்டுச்சு. எனக்குத்தான் ரெண்டு கேள்விக்குப் பதில் வரல" என்றார். சிரிக்கவும் செய்தார். "வேற ஒண்ணுக்குப் போட்டிருக்கேன். கூப்புட்டாங்கன்னா சொல்றேன், பாத்துக்கங்க."

இப்போது மாற்று லைனுக்குப் போகும் நாளில் முதலில் எல்லோருக்கும் மெசேஜ் போகிறது. வேகம் குறைவு, அவசர வேலை இருந்தால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள் என்று. முன்னறைப் பெண்ணும் முதலாளியும் நாளுக்குச் சில வீடுகளாகக் கூப்பிட்டு, உங்கள் கனெக்‌ஷனில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். வீடு என்று நாங்கள் நினைத்திருந்த ஓரிடத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் இருந்தது. இன்னொன்றில் கண் தெரியாத ஒருவர் கம்ப்யூட்டர் பேசப் பேசக் கேட்டு வேலை செய்துகொண்டிருந்தார். கடற்கரைப் பக்கம் கூப்பிட வேண்டியது இன்னும் பாதி ஊர் மிச்சமிருக்கிறது.